140-இல் ஓடிய டிரான்ஸை டீஜேக்கள் ஏன் விட்டார்கள்? கேள்வி பதில்

இருபது வருடமாகக் கொழும்பில் டிரான்ஸ் என்ற மின்னணு நடன இசையைப் பிளே பண்ணி வருகிறேன். கலியாண மேடை, ஹோட்டல் ஹோல், தெற்குக் கடற்கரை எல்லாம் பார்த்தாயிற்று. வேகமான டிரான்ஸ் காணாமல் போனது பற்றி வந்த கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

வெள்ளவத்தை மாணவர்: அண்ணா, வேகமான டிரான்ஸ் என்று எதைச் சொல்கிறீர்கள்?

138-இலிருந்து 145 பிபிஎம் வரை, அதாவது நிமிடத்துக்கு அத்தனை அடி, ஓடுவதை, தம்பி. 140-இல் ஒரு கிக்குக்கும் (கனத்த டிரம் அடி) அடுத்த கிக்குக்கும் நடுவில் மூன்று பேஸ் (தாழ்ந்த சுருதி) அடி விழும். அந்த உருட்டல்தான் அதன் உயிர். இன்று நகரத்துக் கிளப்பில் நீங்கள் கேட்பது பெரும்பாலும் 122-க்கும் 128-க்கும் இடையில்.

கொட்டாஞ்சேனை வாசகர்: சனத்துக்கு அலுத்துப் போச்சு, அதனால்தானே டீஜேக்கள் விட்டார்கள்?

இல்லை. முதலில் விட்டது மேடை. நெதர்லாந்து டிரான்ஸ் டீஜே டியெஸ்டோவைப் பாருங்கள். 2002, 2003, 2004 மூன்று வருடமும் 'டீஜே மேக்' இதழின் வாக்கெடுப்பில் முதலிடம், 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக் தொடக்க விழாவில் பிளே பண்ணியவர். அவரே 2009-இல் 'கலைடோஸ்கோப்' ஆல்பத்தோடு டிரான்ஸை விட்டு விலகினார். இன்னொரு டிரான்ஸ் டீஜே ஆர்மின் வான் பியூரன் 2012-இல் மறுபடி முதலிடம் வந்தார். 2013-இல் அந்த இடம், ஹவுஸ் என்ற மெதுவான நடன இசை போடும் ஹார்ட்வெல்லுக்குப் போனது. பிறகு டிரான்ஸ்காரர் யாரும் அங்கே ஏறவில்லை.

பெரிய விழாக்களில் ஒரே மேடையில் ஒரு நாளைக்குப் பத்துப் பேர். ஆளுக்கு ஒரு மணி நேரம். முன்னால் பிளே பண்ணியவர் 128-இல் முடித்திருப்பார், அடுத்து வருபவரும் 128-இல் தொடங்குவார். நடுவில் நீங்கள் மட்டும் 140-இல் எப்படி நிற்பது? டிரான்ஸ் செய்தவர்களே டிராக்கை 128, 130-க்கு இறக்கினார்கள், ஹவுஸ் டீஜேயும் எடுத்துப் போடட்டும் என்று. எட்டு நிமிட டிராக் நாலு நிமிடமானது. சனம் அலுத்ததால் வேகம் குறையவில்லை. டீஜேக்கு நேரம் குறைந்தது, அதோடு வேகமும் போனது. இதை நான் எங்கேயும் அடித்துச் சொல்வேன்.

தெஹிவளையிலிருந்து ஒரு தங்கச்சி: நேரத்துக்கும் வேகத்துக்கும் என்ன தொடர்பு? ஒரு மணி நேரமும் 140-லேயே போடலாமே?

போடலாம். நானும் போட்டேன். 2007 அளவில் ஒரு ஹோட்டலில், இரவு பத்தரைக்கு, 142-இல் தொடங்கினேன். எனக்கு மிகப் பிடித்த டிராக். மூன்று நிமிடத்தில் ஃப்ளோர் வெறுமையானது. பிழை டிராக்கில் இல்லை, என்னில். அப்போதுதான் சாப்பாட்டு மேசையிலிருந்து எழும்பி வந்தவர்களின் கால் 142-க்குத் தயாராக இல்லை.

கணக்கைப் பாருங்கள். 126-இல் தொடங்கி 140-க்குப் போக 14 பிபிஎம் ஏற வேண்டும். மூன்று மணி நேரம் இருந்தால் சுமார் முப்பது டிராக், ஒவ்வொன்றுக்கும் அரை பிபிஎம் கூட்டினால் போதும். ஒருவருக்கும் தெரியாது, வியர்த்தபிறகுதான் தெரியும். ஒரு மணி நேரத்தில் பத்து டிராக்தான். ஒவ்வொன்றுக்கும் ஒன்றரை ஏற்ற வேண்டும், அப்போது தள்ளுவது காதுக்குத் தெரியும். எங்கள் தவில்காரரும் எடுத்தவுடன் மூன்றாம் காலம் வாசிப்பதில்லையே. ஆடிவேல் தேர்த் திருவிழாவுக்கு வீதியில் நின்று கேட்டவர்களுக்கு இது விளங்கும். தாளம் அப்படியே நிற்கும், அடி மட்டும் இரட்டிக்கும், கூட்டம் தானாக நெருங்கும்.

வத்தளை, கலியாண டீஜே: டிரான்ஸ் போட்டால் ஹோலில் பேஸ் குழம்புகிறது. ஸ்பீக்கர் பிழையா?

பெரும்பாலும் ஹோல்தான். 140-இல் ஒரு பேஸ் அடிக்கும் அடுத்ததுக்கும் இடைவெளி சுமார் 107 மில்லிசெக்கன். கொங்கிறீட் சுவர், தாழ்ந்த கூரை, டைல் தரை உள்ள மண்டபத்தில் தாழ்ந்த ஒலி அதைவிட நெடுநேரம் நின்று உருளும். முதல் அடி அடங்குமுன் அடுத்தது வந்து விழும், எல்லாம் சேர்ந்து ஒரே இரைச்சல். 124-இல் ஓடும் ஹவுஸில் பேஸ் அடி குறைவு, அறை மன்னிக்கும். நம் ஊரில் வேகமான டிரான்ஸ் எடுபடாததற்கு இந்த அறைகளும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். சப்வூஃபரைக் (தாழ்ந்த ஒலிக்கான ஸ்பீக்கர்) கொஞ்சம் குறையுங்கள், கிக் சட்டென்று அடங்கும் டிராக்குகளாகப் பாருங்கள்.

திறந்த வெளியில் இந்தக் குழப்பம் இல்லை. ஆனால் இரவு பத்துக்கும் காலை ஆறுக்கும் இடையில் ஒலிபெருக்கிக்கு அனுமதி இல்லை என்று 2007-இல் உயர் நீதிமன்றம் சொன்ன பிறகு, அதுவும் லேசில்லை.

பம்பலப்பிட்டி வாசகர்: சண்டைக் காலத்தில் இதையெல்லாம் எப்படிச் செய்தீர்கள்?

பயந்து பயந்துதான். கொழும்பிலிருந்து காலிக்குப் போகும் காலி வீதியில் சோதனைச் சாவடி. அடையாள அட்டையில் தமிழ்ப் பெயர். கையில் சீடி பை. ஒரு சிப்பாய் அந்தப் பையின் ஒவ்வொரு தாளையும் புரட்டிப் பார்த்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. நான் வீடு வந்து சேரும்வரை அம்மா படுக்க மாட்டார். அதனால் எங்கள் பெடியள் பன்னிரண்டு மணிக்கே கிளம்பிவிடுவார்கள். டிரான்ஸ் உண்மையில் தொடங்கும் நேரம் அது. மூன்று மணி நேரச் செட் ஒன்றை முழுதாகக் கேட்காமலேயே ஒரு தலைமுறை வளர்ந்தது. அதில் எனக்கு இன்றும் வருத்தம்.

கொழும்பு 13: பழைய ரெக்கோட்டை வேகம் குறைத்துப் போட முடியாதா?

டீஜேக்களின் ரெக்கோட் பிளேயரான டெக்னிக்ஸ் 1200-இல் வேகத்தைக் கூட்டலும் குறைத்தலும் 8 சதவீதம்தான். 140 டிராக்கை அடிமட்டம் வரை இழுத்தாலும் 128.8. மெட்டும் சேர்ந்து இறங்கி அழுவது போலக் கேட்கும். இப்போதைய பிளேயர்களில் சுருதி மாறாமல் குறைக்கலாம், ஆனால் அந்த உருட்டல் வராது.

வெள்ளவத்தை, இன்னொருவர்: டெக்னோ (மெட்டு குறைந்த, கிக் கனத்த நடன இசை) இப்போது 145-க்குப் போய்விட்டது. டிரான்ஸ் திரும்பி வருகிறதா?

பாதி வந்திருக்கிறது. 'ஏஜ் ஒஃப் லவ்' 1990-இல் வந்த டிரான்ஸ் டிராக், 1992-இல் ஜாம் அண்ட் ஸ்பூன் செய்த மிக்ஸ்தான் அதைப் பரப்பியது. 2021-இல் டெக்னோ டீஜேக்கள் ஷார்லொட் டி விட்டேயும் என்ரிகோ சஞ்சூலியானோவும் அதையே டெக்னோவாக்கினார்கள், இருபது வயதுப் பிள்ளைகள் அதற்கு ஆடினார்கள். வேகத்துக்குச் சனம் பயப்படவில்லை என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். ஆனால் இன்று கேட்கும் பல செட்டில் பிரேக்டவுனுக்கு முப்பது செக்கன்கூடக் கொடுப்பதில்லை. கிக் நின்று, மெட்டு மட்டும் தனியே ஒரு நிமிடம் நிற்க வேண்டும். அந்த ஒரு நிமிடத்துக்காகத்தான் நான் இந்தத் தொழிலுக்கு வந்தேன்.

அதே தங்கச்சி: அப்படியானால் நான் எங்கே தொடங்குவது?

உங்களுக்கு முன்னால் யாரும் பிளே பண்ணாத நேரத்தைக் கேளுங்கள். எட்டு மணி, வெறும் ஃப்ளோர், சம்பளமும் குறைவு. ஒருவரும் அதைக் கேட்பதில்லை, அதனால் கிடைக்கும். மூன்று மணி நேரம் தரச் சொல்லுங்கள். 124-இல் தொடங்குங்கள்.