பரணில் கிடைத்த ரிவால்வர்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எங்கள் கொள்ளுத்தாத்தா பிரெஞ்சுப் படையில் லெப்டினன்ட். வீட்டை இடித்துக் கட்டும்போது பரணில் அவருடைய ட்ரங்குப் பெட்டி கிடைத்தது. உள்ளே தோல் உறையோடு ஒரு ரிவால்வர், குழல் மேல் 1892 என்று பொறித்திருக்கிறது. நூறு வருஷம் தாண்டியதற்கு லைசென்ஸ் வேண்டாம் என்கிறார் மாமா. சரியா?
– பெயர் வேண்டாம், முத்தியால்பேட்டை

பதில்: மாமா சொல்வது பாதிதான் சரி. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 45-ஆம் பிரிவு வழக்கொழிந்த, தொன்மை மதிப்புள்ள ஆயுதங்களுக்கு விலக்குத் தருகிறது. ஆனால் அதே வரியில் ஒரு நிபந்தனையும் இருக்கிறது: பழுது பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் அதைத் துப்பாக்கியாகப் பயன்படுத்த முடியாத நிலை இருக்க வேண்டும். வயதை மட்டும் வைத்து விலக்குக் கிடையாது.

உங்களிடம் இருப்பது, நீங்கள் சொல்லும் அடையாளப்படி, பிரெஞ்சு இராணுவத்தின் 1892 மாடல். சேன்தெத்தியேன் அரசு ஆயுத ஆலையில் செய்தது, 8 மி.மீ., ஆறு தோட்டா, சிலிண்டர் வலப்பக்கம் திறக்கும். 1892 என்பது மாடலின் ஆண்டு. செய்த ஆண்டு குழலின் வலப்பக்கம் 'எஸ்' எழுத்துக்குப் பக்கத்தில் தனியாக இருக்கும். உலோகத் தோட்டா போடும் நல்ல வேலைப்பாடு இது. துரு பிடித்துத் தெரிந்தாலும், சுத்தம் செய்தால் பெரும்பாலும் இயங்கிவிடும். அதனால் லைசென்ஸ் இல்லாமல் வீட்டில் வைத்திருக்கக் கூடாது.

இப்போதைக்கு உறையிலிருந்து எடுக்காதீர்கள். இந்த மாடலில் சுத்தியலைப் பின்னுக்கு இழுக்கவே வேண்டாம், டிரிகரை அழுத்தினாலே சிலிண்டர் சுழன்று சுட்டுவிடும். நூறு வருஷத்துத் தோட்டாவிலும் மருந்து உயிரோடு இருக்கலாம். பெட்டியைப் பூட்டிச் சாவியைப் பெரியவர் ஒருவர் வைத்திருக்கட்டும். தனித் தோட்டா கிடந்தால் குப்பையிலோ கடலிலோ போட வேண்டாம். அதற்கும் இதே சட்டம்தான்.

அடுத்து, ஒரு வழக்கறிஞரைப் பார்த்து, எந்த நாளில், எங்கே, எப்படிக் கிடைத்தது என்று காவல் நிலையத்துக்கு எழுத்தில் தெரிவியுங்கள். பையில் போட்டு பைக்கில் நீங்களே எடுத்துப் போகாதீர்கள். லைசென்ஸ் இல்லாமல் ஆயுதத்தோடு தெருவில் போவதும் குற்றம். அவர்கள் வந்து எடுக்கும்போது மாடல், எண், குழல் நிலை, தோட்டா எண்ணிக்கை, உறை எல்லாம் ரசீதில் ஏற வேண்டும். 'பழைய துப்பாக்கி ஒன்று' என்று மட்டும் எழுதிய ரசீதை வாங்கி வராதீர்கள். பிறகு அது உங்களுடையதுதான் என்று காட்டவே முடியாது.

அதன் பிறகுதான் ஆட்சியர் அலுவலகம். தாத்தா பெயரிலோ அப்பா பெயரிலோ எப்போதாவது லைசென்ஸ் இருந்ததா என்பதில்தான் எல்லாம் நிற்கிறது. 1954-இல் புதுச்சேரி இந்தியாவிடம் கைமாறியதற்கு முந்தைய பிரெஞ்சு அனுமதிச் சீட்டு கிடைத்தாலும் பத்திரப்படுத்துங்கள். வாரிசுச் சான்று, மற்ற வாரிசுகளின் சம்மதக் கடிதம் இரண்டையும் இப்போதே தயார் செய்யலாம். பட்டறையில் கொடுத்து வெல்டிங் வைத்துக் குழலை அடைக்கலாம் என்று யாராவது சொல்வார்கள். கேட்காதீர்கள். துப்பாக்கியைப் பழுது பார்க்கவும் மாற்றவும் அந்தப் பட்டறைக்கே லைசென்ஸ் வேண்டும். பொருளின் மதிப்பும் அன்றோடு போய்விடும்.

பெட்டியில் இருக்கும் லிவ்ரே மிலிதேர் (படைப் பணிக் குறிப்பேடு), பதக்கம், பணிமாற்ற ஆணை எதையும் பிரிக்க வேண்டாம். இந்த மாடல் லட்சக்கணக்கில் செய்யப்பட்டது, அதிகாரியின் பெயர் பெரும்பாலும் அதில் இருக்காது. இன்னாருடையது என்று காட்டுவது காகிதம்தான். பிரெஞ்சு இராணுவ அதிகாரிகளின் பணிக்கோப்புகள் பாரிஸை ஒட்டிய வேன்சென் கோட்டை ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. பெயர், பிறந்த தேதி, ஊர் கொடுத்து எழுதிக் கேட்கலாம்.

கேள்வி: அப்பா ஓய்வுபெற்ற மேஜர், வயது 72. அவரிடம் லைசென்ஸோடு .455 வெப்ளி இருக்கிறது. கடல் காற்றில் துருப் புள்ளி வருகிறது. எப்படிப் பராமரிப்பது? என் பெயருக்கு மாற்ற முடியுமா?
– ஒரு வாசகர், தேவனாம்பட்டினம், கடலூர்

பதில்: முதலில் தோல் உறையை விட்டு வெளியே எடுங்கள். துருவுக்குப் பாதிக் காரணம் அதுதான். தோல் ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும், பதனிட்ட அமிலமும் உப்பும் அதில் தங்கியிருக்கும். உறையைத் தனியாகத் துணியில் சுற்றி வையுங்கள்.

லைசென்ஸ் அப்பாவுடையது. ஆகவே சுத்தம் செய்வது அவர் கையாலேயே நடக்கட்டும். இடப்பக்க நெம்பைக் கட்டைவிரலால் அழுத்தினால் குழல் முன்னால் சாயும், ஆறு அறையும் வெறுமையா என்று பார்த்த பிறகே வேலை. செம்புள்ளிகளில் தையல் மெஷின் எண்ணெய் தடவி ஒரு நாள் ஊறவிட்டு, பழைய செப்புக் காசின் விளிம்பால் மெல்லச் சுரண்டுங்கள். செம்பு இரும்பைவிட மென்மை. துரு வரும், அடியில் கோடு விழாது. உப்புத்தாள் தொடவே கூடாது. புளி, எலுமிச்சை, வினிகர் எல்லாம் அந்தக் கருநீலப் பூச்சையே தின்றுவிடும், அந்தப் பூச்சும் ஒருவகை இரும்பு ஆக்சைடுதான். தேங்காய் எண்ணெய் காறிப்போய்ச் சிக்குப் பிடிக்கும்.

பழைய இராணுவத் தோட்டா சுட்டிருந்தால் குழலுக்குள் பொட்டாசியம் குளோரைடு உப்புப் படிந்திருக்கும். அது எண்ணெயில் கரையாது. வெந்நீரில் நனைத்த துணியை இரண்டு மூன்று முறை ஓட்டி, உடனே நன்றாக உலர்த்தி, பிறகு எண்ணெய் போட வேண்டும். பலரும் தண்ணீருக்குப் பயந்து எண்ணெயை மட்டும் ஊற்றுகிறார்கள். உப்பு அடியில் இருந்துகொண்டே அரிக்கிறது.

கடைசியில் வெறும் விரல் படாமல் பருத்திக் கையுறையோடு மெல்லிய எண்ணெய்ப் பூச்சு, காற்றுப் புகாத பெட்டி, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல். அதன் நீல மணி இளஞ்சிவப்பானால் 120 டிகிரியில் இரண்டு மணி நேரம் சூடாக்கினால் மறுபடி நீலமாகும்; சமையல் பாத்திரத்தில் செய்யாதீர்கள், அந்த நிறமியில் நஞ்சு உண்டு. ஐப்பசி, கார்த்திகையில் வாரம் ஒரு முறை திறந்து பாருங்கள்.

மாற்றம் பற்றி: 2016 ஆயுத விதிகளின்படி உரிமதாரருக்கு 70 வயது ஆனாலோ, 25 ஆண்டு வைத்திருந்தாலோ, உயிரோடு இருக்கும்போதே வாரிசுக்கு மாற்றக் கேட்கலாம். ஆனால் .455 தோட்டா போடும் ரிவால்வர் தடைசெய்யப்பட்ட 'போர்' (bore, அதாவது குழல் துளை அளவு) வகை. ஆட்சியர் மட்டத்தில் முடியாது. மத்திய உள்துறை அமைச்சகம் வரை போகும். உங்களிடம் ஏற்கெனவே இரண்டு துப்பாக்கி இருந்தால், 2019 திருத்தத்துக்குப் பிறகு மூன்றாவதற்கு இடமில்லை.

கேள்வி: 1874 மாடல் பிரெஞ்சு அதிகாரி ரிவால்வரை பிரான்ஸில் இருக்கும் அக்காவுக்கு அனுப்பலாமா? அங்கே அதற்கு லைசென்ஸ் வேண்டாமாமே.
– ஒரு வாசகி, வில்லியனூர்

பதில்: முடியாது. அங்கே என்ன சட்டம் என்பது இங்கே செல்லாது. நூறு ஆண்டு தாண்டிய வரலாற்றுப் பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்புவதை 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் தடுக்கிறது. பார்சலில் பிடிபட்டால் பொருளும் போகும், வழக்கும் வரும். அக்கா அடுத்த முறை ஊருக்கு வரும்போது, லைசென்ஸ் உள்ளவர் கையில் வைத்துப் பார்க்கட்டும்.