இடுப்பில் பாப்பா, கையில் கட்டைப்பை

அன்புள்ள அக்கா,

தாராபுரத்திலிருந்து எழுதுகிறேன். ஆடிக் கடைசியில் ஒரு வாரம் நானும் கணவரும் பாப்பாவும் சென்னைக்கு வருகிறோம். என் நாத்தனார் வீடு குரோம்பேட்டையில். அங்கேதான் தங்கல். பாப்பாவுக்கு அடுத்த மாதம் இரண்டு வயது முடிகிறது. பிறந்தநாளுக்கு அவளுக்கு உடுப்பு, வருகிற குழந்தைகளுக்கு ரிட்டர்ன் கிஃப்ட் முப்பது, அத்தைக்கும் அம்மாவுக்கும் சேலை. எல்லாவற்றையும் சென்னையிலேயே வாங்கினால் மலிவாக முடியும் என்று நினைக்கிறேன். கையில் இருப்பது பன்னிரண்டாயிரம்.

டிவியில் காட்டும் ரங்கநாதன் தெருவை ஒரு தடவையாவது பார்த்துவிட வேண்டும் என்று எனக்கு ஆசை. அத்தையோ, "நடக்கிற புள்ளையத் தூக்கிட்டு அந்தக் கூட்டத்துக்குள்ள போறியா?" என்கிறார். அவரும் கூட வருகிறார். பேரம் பேசுவதில் எங்கள் ஊர்ச் சந்தையில் அவரை மிஞ்ச ஆளில்லை. பாப்பா இன்னும் தாய்ப்பால் குடிக்கிறாள். நாள் முழுக்க விட்டுவிட்டுப் போக முடியாது. எங்கே போவது, எப்படிப் போவது என்று சொல்லுங்கள்.

சு., தாராபுரம்

அன்புள்ள சு.,

உங்கள் அத்தை சொல்வது ரங்கநாதன் தெருவைப் பொறுத்தவரை சரி. சென்னை முழுவதையும் அந்தக் கணக்கில் சேர்த்துவிட வேண்டாம்.

மாம்பலம் ரயில் நிலையத்திலிருந்து உஸ்மான் சாலைக்குப் போகும் கூட்டத்துக்கு அந்தத் தெருதான் வழி. துணி எடுக்க வந்தவர்கள், ரயிலைப் பிடிக்க ஓடுகிறவர்கள், வேலை முடிந்து வீடு திரும்புகிறவர்கள் எல்லோரும் ஒரே குறுகலான தெருவுக்குள். நம் கண்மட்டத்தில் அது நல்ல வேடிக்கை. உங்கள் பாப்பாவின் உயரத்தில் அது முழங்கால்களும் கட்டைப்பைகளும் மட்டுமே. இறக்கிவிட்டால், நீங்கள் ஒரு டப்பாவின் விலையைக் கேட்டு முடிப்பதற்குள் ஆளைக் காணாது. தூக்கி வைத்துக்கொண்டால் கால் மணி நேரத்தில் உங்கள் இடுப்பு போய்விடும். தீபாவளி நெரிசலின்போது தி.நகரில் போலீஸாரே பெற்றோரின் போன் நம்பர் எழுதிய பட்டையைக் குழந்தைகளின் கையில் கட்டிவிடுவதுண்டு. நீங்கள் எங்கே போனாலும் பால்பாயின்ட் பேனாவால் பாப்பாவின் முன்கையில் நம்பரை எழுதிவிடுங்கள்.

ஆசையை விட வேண்டாம். வாரநாளில் காலை பத்து மணி வாக்கில், ஷட்டர்கள் தூக்கப்படும் நேரத்தில், நீங்கள் மட்டும் போய் ஒரு நடை நடந்துவிட்டு வாருங்கள். கூட்டம் சேர்வதற்கு முன்னால் தெருவையே பார்த்துவிடலாம். அதற்குள் உங்கள் கணவர் பாப்பாவோடு ஆகாய நடைபாதையில் போய்க்கொண்டிருக்கலாம். மாம்பலம் ஸ்டேஷனையும் தி.நகர் பஸ் நிலையத்தையும் இணைத்து 2023 மே மாதம் திறந்தார்கள். சுமார் 570 மீட்டர். கீழே இருக்கும் நெரிசலில் கால் வைக்காமலே மறுபக்கம் போய்ச் சேரலாம்.

அடுத்து நான் சொல்லப்போவதுதான் முக்கியம். மலிவாக வாங்குவதில் இரண்டு வகை இருக்கிறது. விலைச்சீட்டைப் பார்த்து எடுக்கிற மலிவு ஒன்று. வாயால் பேசிக் குறைக்கிற மலிவு இன்னொன்று. பேரம் பேசுகிறவருக்கு இருக்கும் ஒரே பலம், வேண்டாம் என்று சொல்லிவிட்டு நடையைக் கட்ட முடிவது. பசித்து அழும் குழந்தையோடு நிற்பவருக்கு அந்தப் பலம் கிடையாது. எப்படியாவது வாங்கிக்கொண்டு கிளம்பத்தான் பார்ப்பார் என்பது கடைக்காரருக்கு முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிடும். போதாததற்கு, குழந்தையே எதிர்க்கட்சிக்குப் போய்விடும். பாண்டி பஜாரில் சோப்பு நுரை ஊதும் குழல் விற்பவரைக் கவனியுங்கள். உங்களிடம் அவர் வாயே திறக்க மாட்டார். பாப்பாவின் மூக்குக்கு நேரே நாலு குமிழி விடுவார். அவள் கை நீட்டுவாள். குழலை அந்தக் கையில் வைப்பார். அதற்கப்புறம்தான் உங்களைப் பார்த்து விலையைச் சொல்வார். பிடுங்கினால் தெருவே திரும்பிப் பார்க்கும்படி அழுவாள். அங்கே என்ன பேரம் பேசுவீர்கள்?

அதனால் ஒரே ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள். ஒரே விலைக் கடைக்குப் பாப்பாவோடு போகலாம். பேரம் பேசும் இடத்துக்கு அவள் இல்லாமல் போக வேண்டும். கூட வரும் பெரியவர்கள் முறை மாற்றிக்கொள்ள வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன். "நான் வெளியிலேயே நிக்கறேன்" என்று போனைப் பார்க்கும் கணவர் இந்தத் திட்டத்துக்கு உதவ மாட்டார். வெளியே நிற்பவர் குழந்தையோடு நிற்க வேண்டும்.

நேரம் இன்னொரு விஷயம். பாப்பா காலையில் சாப்பிட்டதிலிருந்து மதியத் தூக்கம் வரைக்கும்தான் உங்களுக்குக் கடை. மூன்று மணி நேரம் கிடைத்தால் பெரிது. ஒரு நாளைக்கு ஒரு இடம் போதும். தூங்கி எழுந்த பிறகு சாயங்காலம் இன்னொரு ரவுண்டு என்று ஆசைப்பட்டால், தி.நகரில் சாயங்காலம் என்பது நெரிசலின் உச்சம். ஞாயிற்றுக்கிழமை பக்கமே போகாதீர்கள்.

குரோம்பேட்டையில் தங்குவது உங்களுக்கு வசதி. தாம்பரம்–கடற்கரை மின்சார ரயில் பாதையிலேயே கிண்டி, மாம்பலம், எழும்பூர் எல்லாம் வந்துவிடுகின்றன. ஐந்து வயது வரை குழந்தைக்கு டிக்கெட் கிடையாது. ஆபீஸ் கூட்டம் இறங்கும் வரை பொறுத்து, ஒன்பதரைக்கு மேல் ஏறுங்கள். பெண்கள் பெட்டியில் பாலூட்டவும் கொஞ்சம் தோதாக இருக்கும். பஸ் நிலையங்களில் தாய்மார்கள் பாலூட்டும் அறைகள் 2015 முதல் இருக்கின்றன. திறந்திருந்தால் உங்கள் அதிர்ஷ்டம். பெரிய துணிக்கடைகளில், மேல்மாடிகளில் ஒரு ஓரம் கேட்டால் சேல்ஸ் பெண்களே இடம் காட்டுவார்கள். அவர்களில் பல பேர் பிள்ளைகளை ஊரில் விட்டுவிட்டு வந்தவர்கள்.

இனி உங்கள் பட்டியலுக்கு வருகிறேன்.

பாப்பாவின் உடுப்பு. தினப்படி போடும் பனியன் துணி, டிரவுசர், நைட் டிரஸ் வகைகளைச் சென்னையில் வாங்காதீர்கள். பாண்டி பஜார் நடைபாதையில் குவித்துப் போட்டு "எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ்" என்று விற்பதெல்லாம் பெரும்பாலும் உங்கள் பக்கத்து ஊர்ச் சரக்கு. தாராபுரத்துக்காரர் திருப்பூர் காதர்பேட்டையை விட்டுவிட்டு இவ்வளவு தூரம் வந்து பனியன் எடுத்தால், அந்தத் துணிக்கு நீங்கள் இரண்டு முறை வண்டிச்சத்தம் கொடுக்கிறீர்கள் என்று அர்த்தம். பிறந்தநாள் கவுனுக்கு மட்டும் இங்கே பாருங்கள். பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு விலை குறைவு. மெட்ரோவில் போய் அங்கிருந்து ஆட்டோ எடுக்கலாம். ஆனால் ஒரே ஒரு கவுனுக்காக நகரத்தின் அந்தக் கோடி வரை போவது பாப்பாவுக்குப் பெரிய தண்டனை. நான் என்றால் பாண்டி பஜாரோடு நிறுத்திக்கொள்வேன். 2019 நவம்பரில் திறந்த அகல நடைபாதையும் உட்காரும் இடங்களும் இருப்பதால், தி.நகரில் குழந்தையைக் கீழே இறக்கி நடக்கவிடத் தக்க ஒரே சாலை அதுதான். சாலையில் வண்டிகள் ஓடுகின்றன, கையை விட்டுவிடாதீர்கள்.

கவுன் எடுக்கும்போது முன்பக்கத்தைப் பார்க்காதீர்கள். உள்ளே வெளியே புரட்டுங்கள். வலைத்துணிக்குக் கீழே காட்டன் லைனிங் கழுத்திலிருந்து பாதம் வரை முழுசாக இருக்கிறதா, இல்லை இடுப்போடு நின்றுவிட்டதா என்று பாருங்கள். அக்குள் தையலை உங்கள் உள்மணிக்கட்டில் வைத்துத் தேய்த்துப் பார்த்தால் போதும். உங்களுக்குக் குத்தினால் அவள் கேக் வெட்டுவதற்கு முன்பே கழற்று என்று அழுவாள். நெஞ்சில் ஒட்டியிருக்கும் மணி, ஜமிக்கி, முத்து எதையும் நகத்தால் சுரண்டிப் பாருங்கள். கையோடு வந்தால் அது அவள் வாய்க்குப் போகும். சைஸ் 18, 20, 22 என்று அங்குலக் கணக்கில் கேட்பார்கள். "ரெண்டு வயசுக்கு" என்று சொல்லி எடுப்பதைவிட, இப்போது அவளுக்குச் சரியாக இருக்கும் கவுன் ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு போய் மேலே வைத்து அளந்து, ஒரு சைஸ் கூட எடுங்கள். இரண்டு சைஸ் கூட எடுக்காதீர்கள். அடுத்த வருஷம் வரைக்கும் அந்த நெட் தாங்காது.

சேலைக்கு எழும்பூர். பாந்தியன் சாலையில் கோ-ஆப்டெக்ஸ் இருக்கிறது. 1935-இல் தொடங்கிய நெசவாளர் கூட்டுறவுச் சங்கம். விலை எழுதியபடிதான், பேரம் இல்லை. தீபாவளியை ஒட்டி 30 சதவீதத் தள்ளுபடி தருவார்கள். நீங்கள் வருவது ஆடி, போனதும் அப்போதைக்கு என்ன தள்ளுபடி என்று கேட்டுவிடுங்கள். "ஆடித் தள்ளுபடி" என்ற பலகையைப் பார்த்து மயங்காமல் கையால் துணியைத் தொட்டு எடுக்கத் தோதான இடம். இன்னொரு வசதி, அதே பாந்தியன் சாலையில்தான் அரசு அருங்காட்சியகமும் இருக்கிறது. 1851-இல் தொடங்கியது, குழந்தைகளுக்கென்று தனி அருங்காட்சியகமும் வளாகத்துக்குள் உண்டு. உங்கள் பாப்பாவுக்குச் சோழர் காலச் செப்புத் திருமேனி பிடிபடாது. ஓடுவதற்கு மரநிழலும் இடமும் கிடைக்கும், அது போதாதா? கணவரும் பாப்பாவும் அங்கே, நீங்களும் அத்தையும் சேலைக்கு. வெள்ளிக்கிழமை அருங்காட்சியகம் விடுமுறை. அதைப் பார்த்து நாளை வைத்துக்கொள்ளுங்கள்.

டயப்பர் எங்கே மலிவு என்று கேட்காமல் விட்டுவிட்டீர்கள். பாக்கெட்டைப் பார்த்து ஏமாறாமல், விலையை எண்ணிக்கையால் வகுத்து ஒன்றுக்கு எவ்வளவு என்று பாருங்கள். பெரிய பாக்கெட்தான் மலிவு என்று எப்போதும் சொல்லிவிட முடியாது. பால் பவுடருக்கும் ஃபீடிங் பாட்டிலுக்கும் ஆஃபர் தேடி அலையும் அம்மாக்களைப் பார்த்திருக்கிறேன். தாய்ப்பாலைக் காப்பதற்கென்று 1992-இல் வந்த சட்டம் அவற்றுக்கு இலவசம், தள்ளுபடி போன்ற எந்தத் தூண்டிலும் போடக்கூடாது என்கிறது. ஆகவே அப்படி யாராவது பலகை வைத்திருந்தால் சந்தேகப்படுங்கள். உங்களுக்கு அந்தக் கவலையே இல்லை.

ரிட்டர்ன் கிஃப்டுக்குப் பாரிமுனை. அங்கே நாராயண முதலி தெரு, காசி செட்டித் தெரு, பந்தர் தெரு என்று பக்கத்துப் பக்கத்தில் மொத்த வியாபாரம். பென்சில் டப்பா, வாட்டர் பாட்டில், பொம்மை, பலூன், பர்ஸ், எல்லாம் டஜன் கணக்கில். ஒன்று இரண்டு கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். முப்பது என்றால் பேசுவார்கள். கைவண்டியும் மீன்பாடி வண்டி என்கிற மூன்று சக்கரச் சுமை வண்டியும் மூட்டை தூக்குகிறவர்களும் "ஓரம், ஓரம்" என்று இடித்துக்கொண்டு போகும் சந்துகள் அவை. பாப்பாவுக்கு அங்கே வேலையே இல்லை. கிண்டியில் இறங்கி மெட்ரோ மாறினால் உயர் நீதிமன்றம் ஸ்டேஷன் நேர் பாதை. அங்கிருந்து நடந்துவிடலாம். ஞாயிற்றுக்கிழமை மொத்தக் கடைகள் பல மூடியிருக்கும்.

அன்றைக்குப் பாப்பாவை எங்கே வைத்துக்கொள்வது? கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் குழந்தைகளுக்கென்று ஒரு தளம் இருக்கிறது. நடுவில் பெரிய செயற்கை மரம், தரையில் உட்கார்ந்து படம் பார்க்கலாம், ஏ.சி. உண்டு, காசு கேட்க மாட்டார்கள். கிண்டியிலிருந்து ஆட்டோதான். 2024-இல் புதுப்பித்துத் திறந்த கிண்டி சிறுவர் பூங்காவும் அந்தப் பக்கம்தான். வெயில் ஏறுவதற்கு முன் பூங்கா, ஏறிய பிறகு நூலகம் என்று வைத்துக்கொண்டால் மதியம் வரை நிம்மதி.

பாரிமுனைக்கு நீங்கள் போகாதீர்கள். அத்தையையும் உங்கள் கணவரையும் அனுப்புங்கள். அத்தை சந்தையில் பேர் வாங்கியவர் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், இந்தத் தெருக்கள் அவருக்குப் பிடித்துப்போகும். முதல் கடையிலேயே வாங்கிவிடாமல் மூன்று கடையில் டஜன் விலை கேட்டுவிட்டுத் திரும்பச் சொல்லுங்கள். அதை அவருக்கு நாம் சொல்லித்தர வேண்டியதில்லைதான். சொல்லித்தர வேண்டியது வேறு. பிறந்தநாளுக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் பாப்பா வயதுக்காரர்களாக இருப்பார்கள். பட்டன் பேட்டரி போட்டு மினுங்கும் பொம்மை, காந்தத் துண்டு, வாய்க்குள் போகும் அளவில் கழன்று வரும் சக்கரம் இதெல்லாம் எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் வேண்டாம். 2021 ஜனவரி முதல் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். அந்தத் தெருக்களில் முத்திரை உள்ளதும் இல்லாததும் ஒரே பலகையில் கிடக்கும். முத்திரை இல்லாதது விலை குறைவாக இருக்கும் என்பதால் பேரம் படிந்த சந்தோஷத்தில் அதைத்தான் எடுக்கத் தோன்றும். பொம்மையே வேண்டாம் என்று முடிவு செய்து, ஸ்டீல் டம்ளரோ கிரேயான் பெட்டியோ வாங்கினால் இந்தத் தலைவலி இல்லை. இல்லை, பொம்மைதான் என்றால், கிளம்பும் முன் வீட்டில் இருக்கும் ஏதாவது ஒரு பொம்மைப் பெட்டியை எடுத்து, முத்திரை எங்கே அச்சாகியிருக்கும் என்று அத்தைக்குக் காட்டி அனுப்புங்கள்.

அன்புடன்,
அக்கா