பெட்டியில் 80 லிட்டர், என்ஜினில் எத்தனை?

விமான பிஸ்டன் என்ஜினைக் குளிர்விக்கும் மின்சார வாட்டர் பம்ப்பில் எவ்வளவு தண்ணீர் ஓடுகிறது என்று அளப்பது பற்றி டெல்டா பக்கத்து நண்பர்கள் கேட்டவையும் என் பதில்களும்.

தஞ்சாவூர் மாணவர்: சார், எங்கள் கல்லூரியில் 100 குதிரைத்திறன் சிறு விமான என்ஜினைச் சோதனை மேடையில் ஓட்டுகிறோம். பெல்ட் பம்ப்பைக் கழற்றிவிட்டு 12 வோல்ட் பம்ப் மாட்டியிருக்கிறோம். பெட்டியில் நிமிடத்துக்கு 80 லிட்டர் என்று போட்டிருக்கிறது. டிரம்மிலிருந்து டிரம்முக்கு விட்டுப் பார்த்தோம், 80 வந்தது. போதுமா?

தம்பி, நீங்கள் அளந்தது பம்ப்பை மட்டும்தான். என்ஜினுக்குள் இருக்கும் சந்துபொந்து, ரேடியேட்டர் குழாய்கள், ஓஸ் வளைவுகள் எல்லாம் சேர்ந்து தண்ணீரைத் தடுக்கும். அவற்றையும் சேர்த்து அளந்தால் 80 பாதியாகக்கூடக் குறையலாம், அதில் ஆச்சரியமில்லை.

எல்லாவற்றையும் மாட்டிய பிறகு, பம்ப்புக்குத் திரும்பி வரும் ஓஸை மட்டும் கழற்றுங்கள். பம்ப் ஒரு டிரம்மிலிருந்து இழுக்கட்டும், அந்த ஓஸ் இன்னொரு பாத்திரத்தில் கொட்டட்டும். ஓஸ் வாயும் டிரம்மின் நீர்மட்டமும் ஒரே உயரத்தில் இருக்க வேண்டும். வாய் கீழே தொங்கினால் கூடுதலாகக் காட்டும், மேலே தூக்கினால் குறைத்துக் காட்டும். மட்டம் இறங்காதபடி ஒருவர் டிரம்மில் ஊற்றிக்கொண்டே இருக்கட்டும். வாளியில் போட்டிருக்கும் கோட்டை நம்பாமல் தராசில் நிறுத்துவிடுங்கள், ஒரு கிலோ ஒரு லிட்டர். 20 கிலோ சேர 20 நொடி ஆனால் நிமிடத்துக்கு 60 லிட்டர்.

சூடானால் திறக்கும் வால்வான தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிட்டு அளக்க வேண்டும். குளிர்ந்த தண்ணீரில் அது மூடியே இருக்கும், பிறகு பம்ப்பைத் திட்டிப் பயனில்லை.

அதே மாணவர்: சரி சார், எத்தனை லிட்டர் வந்தால் போதும்?

என்ஜின் தண்ணீருக்குள் தள்ளும் வெப்பத்தைப் பொறுத்தது. 40 கிலோவாட் என்று வையுங்கள். உள்ளே போகும் தண்ணீருக்கும் வெளியே வரும் தண்ணீருக்கும் 10 டிகிரி வித்தியாசம் இருக்கலாம் என்றால் (ஒரு கிலோ தண்ணீர் ஒரு டிகிரி சூடேற 4.18 கிலோஜூல்), 40 ÷ (4.18 × 10) = நொடிக்கு 0.96 கிலோ. நிமிடத்துக்கு 57 லிட்டர். பாதிக்குப் பாதி கிளைக்கால் (glycol) என்ற கூலண்ட் திரவம் கலந்தால் அந்தக் கலவை அவ்வளவு வெப்பம் தூக்காது, 66 லிட்டர் பக்கம் வேண்டும்.

கும்பகோணம் மெக்கானிக்: அண்ணே, ஓஸை அழுத்திப் பிடித்தால் பம்ப் திணறி ஆம்பியர் ஏறணும் இல்லையா? என் மீட்டரில் இறங்குது. மீட்டர் போச்சா?

மீட்டர் நல்லாத்தான் இருக்கு. இது சென்ட்ரிஃபியூகல் பம்ப், சுழலும் இறக்கை தண்ணீரை வெளிப்பக்கமாக வீசித் தள்ளும் வகை. தண்ணீர் குறைந்தால் வேலை குறைகிறது, கரண்டும் குறைகிறது. காற்று புகுந்து வெறுமனே சுற்றினால் இன்னும் இறங்கும். ஆகவே ஆம்பியர் குறைந்ததைப் பார்த்துச் சந்தோஷப்படாதீர்கள். இன்னொன்று: சாதாரண கிளாம்ப் மீட்டர் ஏசி மட்டும்தான் காட்டும், டிசி அளப்பதை வாங்குங்கள். வோல்ட்டை பேட்டரியில் பார்க்காமல் பம்ப் முனையில் பாருங்கள். மெல்லிய ஒயரில் 0.1 ஓம் இருந்தால் 10 ஆம்பியரில் ஒரு வோல்ட் போய்விடும். ஆல்டர்னேட்டர் ஓடும்போது 13.8 வோல்ட்டில் வரும் ஓட்டம், 12 வோல்ட்டில் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு குறையும்.

மன்னார்குடி விவசாயி: ஐயா, நம்ம போர் மோட்டாருக்கும் இதே வாளிக் கணக்குதானா?

அவ்வளவு தண்ணீருக்கு வாளி தாங்காது. வாய்க்காலில் 90 டிகிரி வி வெட்டு வெட்டிய தகடை நிறுத்துங்கள். வெட்டின் அடிமுனைக்கு மேல் தண்ணீர் 10 சென்டிமீட்டர் நின்றால் நொடிக்குச் சுமார் 4.4 லிட்டர். விழும் இடத்தில் அளக்காமல், மட்டம் வளையாத அளவுக்குப் பின்னால் தள்ளி அளக்க வேண்டும். மாணவர்கள் இதை எடுத்துக்கொள்ள வேண்டாம்: அவர்கள் என்ஜினில் ஓடுவது நொடிக்கு ஒரு லிட்டர் அளவு, அதற்கு உயரம் ஐந்தரை சென்டிமீட்டர்தான், அதில் அரை சென்டிமீட்டர் தவறினால் கணக்கு கால்வாசி தப்பிவிடும்.

வல்லம் வாசகர்: தஞ்சாவூர் விமானப்படைத் தளத்து சுகோய் போர் விமானத்துக்கும் ரேடியேட்டர் தண்ணீர் உண்டா?

இல்லை. அது ஜெட் டர்பைன், வாட்டர் பம்ப் கதையே வேறு.

நாகப்பட்டினம் வாசகர்: சோதனைக்கு போர் தண்ணி ஊற்றலாமா?

கடலோரப் போர் தண்ணீரில் உப்பு. என்ஜினின் அலுமினிய சிலிண்டர் ஹெட்டை அரித்துவிடும். டிரம் சோதனைக்குக்கூட டிஸ்டில்டு வாட்டர்தான். செலவு பார்க்காதீர்கள்.

தஞ்சாவூர் மாணவர்: மேலே பறக்கும்போது பம்ப் நின்றுவிட்டால் எப்படித் தெரியும்?

வெப்பமானியை மட்டும் நம்பினால் தெரியாமலே போகலாம். கூலண்ட் ஒழுகிப் போய் சென்சார் காற்றில் நின்றால் குறைவாகத்தான் காட்டும். ஆம்பியர் மீட்டரும், அழுத்தம் இறங்கினால் எரியும் விளக்கும் வையுங்கள். பம்ப்புக்குத் தனி ஃபியூஸ். பறப்பது பிறகு இருக்கட்டும். இப்போது மேடையிலேயே, குறைந்த த்ராட்டிலில், ஃபியூஸைப் பிடுங்கி சிலிண்டர் ஹெட் வெப்பம் எத்தனை நொடியில் எல்லையை நெருங்குகிறது என்று குறியுங்கள். தொடும் முன் என்ஜினை அணைத்துவிட ஒருவர் சுவிட்சில் கை வைத்தபடி நிற்க வேண்டும்.