வளவு வீட்டில் ஸ்பேஷியல் ஆடியோ: கேள்வி - பதில்

காரைக்குடியைச் சுற்றியுள்ள ஊர்களிலிருந்து வந்த கேள்விகளில் பல, இருக்கிற சாதாரண ஸ்டீரியோ செட்டிலும் ஹெட்ஃபோனிலுமே நாலா பக்கமும் சூழ்ந்து வரும் 'ஸ்பேஷியல்' ஒலியைக் கேட்க முடியுமா என்பதைப் பற்றித்தான். அவற்றை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

அப்பச்சி வாங்கிய ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயரும் இரண்டு பெட்டி ஸ்பீக்கரும் இன்னும் நன்றாகப் பாடுகின்றன. ஓடிடியில் 'ஸ்பேஷியல் ஆடியோ' என்று வருவதை இதில் கேட்கலாமா? சவுண்ட்பார் (டிவிக்குக் கீழே வைக்கும் நீளமான ஸ்பீக்கர்) வாங்கித்தான் ஆகவேண்டுமா? (கானாடுகாத்தான்)

வாங்க வேண்டாம். நமக்கு இருப்பது இரண்டு காது. வலப்பக்கம் யாரோ தேங்காய் உடைத்தால் அந்தச் சத்தம் வலது காதுக்கு முதலில் வருகிறது. இடது காதுக்கு அதிகபட்சம் 0.6, 0.7 மில்லி விநாடி பிந்தி, சற்று மங்கலாக வருகிறது. மேலிருந்து வருகிறதா, பின்னாலிருந்து வருகிறதா என்பதைக் காது மடலின் மேடுபள்ளங்கள் ஒலியில் செய்யும் சின்னச் சின்ன மாற்றங்கள் சொல்லிவிடும். இந்த மாற்றங்களையெல்லாம் கணக்கிட்டு இரண்டு சேனலுக்குள்ளேயே பதித்துவிட்டால், இரண்டு ஸ்பீக்கரிலிருந்தே மூளைக்கு அகலமான ஓர் இடம் கிடைத்துவிடும். நெட்ஃபிளிக்ஸ் 2022 ஜூலையில் சென்ஹைசரின் ஆம்பியோ நுட்பத்தை வைத்துக் கொண்டுவந்தது இதைத்தான். சாதாரண ஸ்டீரியோ போதும். ஆனால் பிரீமியம் பிளான் வேண்டும்.

எவ்வளவு எதிர்பார்க்கலாம்? ஸ்பீக்கருக்கு வெளியே, பக்கச் சுவர் வரைக்கும் ஓசை விரியும். தலைக்கு மேலே ஹெலிகாப்டர் பறப்பது இரண்டு ஸ்பீக்கரில் அரிதாகத்தான் கைகூடும்.

சவுண்ட்பார் பற்றி ஒன்று. மேலிருந்தும் ஓசை வரவைக்கும் டால்பி அட்மாஸ் முறையின் சவுண்ட்பார்கள் பலவும் ஓசையைக் கூரைக்கு அனுப்பி, அங்கே பட்டுத் திரும்புவதை நம்பி வேலை செய்பவை. கூரை தட்டையாகவும் 14 அடிக்குள்ளும் இருக்கவேண்டும் என்று டால்பியே சொல்கிறது. நம் பக்கத்து உயரமான மரக் கூரையில் அது எடுபடாது. வீட்டின் நடுவே வானம் பார்த்த முற்றமான வளவில் கூரையே கிடையாது. எனக்கும் ஒரு கடையில் வீட்டைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காமல் இப்படி ஒன்றை விற்றார்கள். ஒரு மாதத்தில் மூலையில் வைத்துவிட்டேன்.

பழைய ஆம்ப்ளிஃபயரில் ஆப்டிகல் துளை இருக்காது. டிவியின் ஆப்டிகல் வாயிலிலிருந்து ஒரு சின்ன டிஜிட்டல் டு அனலாக் கன்வர்ட்டர் வழியாக இணையுங்கள். டிவியின் ஒலி அமைப்பில் 'பிசிஎம்' (PCM, சுருக்காத சாதாரண டிஜிட்டல் ஒலி) என்பதைத் தேர்ந்தெடுக்க மறக்காதீர்கள். வேறு எதில் இருந்தாலும் சத்தமே வராமல் போகலாம்.

குரங்குத் தொல்லைக்கும் மழைக்கும் பயந்து வளவுக்கு மேலே ஷீட் போட்டுவிட்டோம். அதற்கப்புறம் டிவி வசனமே புரியவில்லை. ஸ்பேஷியல் போட்டால் இன்னும் மோசம். (தேவகோட்டை)

இந்தக் கேள்வி வந்ததில் எனக்கு மிகுந்த சந்தோஷம், ஏனென்றால் நம் ஊரில் பெரும்பாலான ஒலிக் கோளாறுக்குக் காரணம் செட்டில் இல்லை, வீட்டில்தான் இருக்கிறது.

1895-இல் ஹார்வர்டில் வாலஸ் சாபின் என்ற இளம் பேராசிரியரிடம், பேசினால் எதுவும் புரியாத ஒரு விரிவுரை அரங்கைச் சரிசெய்யச் சொன்னார்கள். அவர் பக்கத்து நாடக அரங்கின் இருக்கை மெத்தைகளை ராத்திரி ராத்திரியாகச் சுமந்துவந்து அடுக்கி, ஓசை அடங்க எவ்வளவு நேரமாகிறது என்று அளந்தார். ஒலியை உறிஞ்சும் திறனுக்கு அவர் வைத்த அளவுகோல் திறந்த ஜன்னல். அதன் வழியே போகும் ஓசை திரும்பி வராது அல்லவா?

இப்போது உங்கள் வளவைப் பாருங்கள். அந்தத் திறந்த வானம்தான் வீட்டின் மிகப் பெரிய ஜன்னல். ஒரு கணக்குப் போடுவோம். 10 மீட்டர் நீளம், 8 மீட்டர் அகலம், 5 மீட்டர் உயரம். நடுவில் 20 சதுர மீட்டர் திறப்பு. ஆத்தங்குடித் தரை ஓடும் வழவழப்பான சுண்ணாம்புப் பூச்சும் 3 சதவீத ஓசையைத்தான் விழுங்குகின்றன என்று வைத்துக்கொள்வோம். வானம் திறந்திருந்தால் ஓசை அடங்க சுமார் 2 விநாடி ஆகும். ஷீட்டும் சுவர் மாதிரியே எல்லாவற்றையும் திருப்பி அனுப்பினால் 6 விநாடியைத் தாண்டும். நிஜ வீட்டில் கதவு, சாமான், ஆட்கள் எல்லாம் இருப்பதால் அவ்வளவு போகாது. ஆனாலும் உங்கள் காதில் விழுவது இந்த வித்தியாசம்தான். ஸ்பேஷியல் நுட்பம் நம்பியிருப்பது மில்லி விநாடி அளவுக் குறிப்புகளை. சுவரிலிருந்து திரும்பி வரும் ஓசை அவற்றின் மேலேயே விழுந்து கலைத்துவிடுகிறது.

என் யோசனை, டிவியை வளவைச் சுற்றியுள்ள அறை ஒன்றுக்கு மாற்றுங்கள். தரையில் கனமான ஜமுக்காளம், ஸ்பீக்கருக்கு எதிர்ச்சுவர் ஓரமாகச் சுருட்டி நிறுத்திய இலவம்பஞ்சு மெத்தை இரண்டு, ஜன்னலுக்குத் தடித்த திரை. சுவரில் ஆணி மட்டும் அடித்துவிடாதீர்கள். அந்தப் பழைய பூச்சு ஒருமுறை பெயர்ந்தால் அதே மாதிரி பூச ஆள் கிடைப்பது கஷ்டம். ஸ்டாண்ட் வைத்துத் திரை மாட்டலாம். ஷீட்டை எடுத்துவிட்டுக் கம்பி வலை மட்டும் போட முடிந்தால் இன்னும் நல்லது. மழைக்கு என்ன செய்வது என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.

ஸ்பீக்கரை எங்கே வைப்பது? நாங்கள் ஊஞ்சலில் உட்கார்ந்துதான் பார்ப்போம். (பள்ளத்தூர்)

இரண்டு ஸ்பீக்கரும் உங்கள் தலையும் ஒரு சமபக்க முக்கோணமாக இருக்கட்டும். ஸ்பீக்கர்கள் 2 மீட்டர் இடைவெளியில் என்றால், ஒவ்வொன்றும் உங்களிடமிருந்தும் 2 மீட்டர். காது உயரத்துக்கு வையுங்கள், அலமாரி உச்சியில் வேண்டாம். முதுகுக்குப் பின்னால் சுவரை ஒட்டியும் உட்காராதீர்கள்.

ஊஞ்சல் பக்கவாட்டில் ஆடுகிற மாதிரி இருந்தால் படம் முடியும்வரை நிறுத்திவையுங்கள். இந்த முக்கோணத்தில் தலை 20 சென்டிமீட்டர் ஒரு பக்கம் நகர்ந்தாலே ஒரு ஸ்பீக்கரின் ஓசை மற்றதைவிட சுமார் 0.6 மில்லி விநாடி முந்திவிடும். முதல் பதிலில் இரண்டு காதுக்கும் இடையே சொன்ன அதே அளவு! ஓசை முழுக்க அந்தப் பக்கம் சாய்ந்துவிடும். நடு இடம் ஒருவருக்குத்தான். வீட்டில் பெரியவருக்குக் கொடுங்கள்.

ஆப்பிலும் ஸ்பேஷியல், டிவியிலும் 'சரவுண்ட்'. இரண்டையும் போட்டால் இரட்டிப்புப் பலனா? (புதுவயல்)

இல்லை, கெட்டுப்போகும். ஏற்கெனவே காதுக்கென்று சமைத்த ஒலியை டிவி மறுபடி சமைக்கும். குரல் குழாய்க்குள் பேசுவது போலாகிவிடும். டிவியிலும் ஆம்ப்ளிஃபயரிலும் இருக்கும் சரவுண்ட், 'வைட்' எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள்.

சாதாரண வயர் ஹெட்ஃபோனில் ஸ்பேஷியல் பாட்டு கேட்டால் பாடகர் நெற்றிக்குள் இருப்பது போலவே இருக்கிறது. விலை உயர்ந்தது வாங்கினால் சரியாகுமா? (கண்டனூர்)

ஓரளவுதான். கணக்கு ஒரு சராசரித் தலைக்கும் சராசரிக் காது மடலுக்கும் போட்டது. உங்கள் காது அதிலிருந்து விலகியிருந்தால் முன்னால் இருக்கவேண்டியது உள்ளேயோ பின்னாலோ கேட்கும். தலையைத் திருப்பினாலும் பாடகர் கூடவே திரும்புவது இன்னொரு காரணம். தலை அசைவைக் கவனிக்கும் இயர்பட்ஸ் இந்த இரண்டாவதைச் சரிசெய்யும். ஐபோனில் 2022 முதல் கேமராவால் காதைப் படம்பிடித்துக் கணக்கை மாற்றிக்கொள்ளும் வசதி இருக்கிறது, ஆனால் அதற்கும் ஒத்துப்போகும் இயர்பட்ஸ் தேவை. நானாக இருந்தால் முதலில் பாட்டின் சாதாரண ஸ்டீரியோ பதிவையும் கேட்டுப் பார்ப்பேன். பல பழைய பாடல்கள் அதில்தான் அழகு.

எனக்கு இடது காது கேட்காது. பேரன் ஹெட்ஃபோன் மாட்டிவிட்டால் பாதிப் பாட்டு காணாமல் போகிறது. (ஆத்தங்குடி, வயது 71)

ஆச்சி, பேரனிடம் போனின் அமைப்புகளில் 'அணுகல்தன்மை' பகுதியைத் திறந்து 'மோனோ ஆடியோ'வைப் போடச் சொல்லுங்கள். இரண்டு பக்க ஓசையும் ஒன்றாகச் சேர்ந்து வலது காதுக்கே வந்துவிடும். ஸ்பேஷியலையும் அணைத்துவிடச் சொல்லுங்கள். ஒரு வாத்தியம்கூட விடுபடாது.

பிள்ளையார் நோன்பன்று வீட்டில் எல்லோரும் கூடுவோம். சிங்கப்பூரில் இருக்கும் தம்பிக்கு அந்தச் சத்தத்தை வளவிலேயே நிற்பது போல அனுப்ப வழி உண்டா? (காரைக்குடி)

உண்டு, செலவும் அதிகமில்லை. 1881-இலேயே பாரிஸ் மின் கண்காட்சியில், ஓபரா மேடையில் வைத்த தொலைபேசிகளிலிருந்து ஆளுக்கு இரண்டு குழல், காதுக்கு ஒன்றாகக் கொடுத்துக் கேட்கவைத்தார்கள். கேட்டவர்கள் பாடகர் மேடையில் நடப்பதைக்கூட உணர்ந்தார்கள்.

இரண்டு சின்னக் காலர் மைக், ஒரு ஸ்டீரியோ ரெக்கார்டர் போதும். போனின் மைக் துளை மோனோ என்பதால் அதில் செருகிப் பயனில்லை. மைக்குகளை மூக்குக் கண்ணாடிக் காம்பில், காது ஓட்டைக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொள்ளுங்கள், இடம் வலம் மாறாமல். நோன்பு இழை எடுக்கிற இடத்துக்கு இரண்டு அடி தள்ளி நின்று, தலையைத் திருப்பாமல் பதிவு செய்யுங்கள். ஐயா ஒரு பக்கம் பேசுவதும், பின்னால் பிள்ளைகள் ஓடுவதும், அடுப்படியில் பாத்திரம் உரசுவதும் அதனதன் இடத்தில் விழும். மற்ற இடங்களில் குறை சொன்ன வளவின் முழக்கம் இங்கே வேண்டியது, ஏனென்றால் தம்பிக்கு வீடு என்று நினைவிருப்பது அந்த முழக்கம்தான்.

அனுப்பும்போது வாய்ஸ் மெசேஜாக அனுப்பாதீர்கள், அது மோனோவாகிவிடும். கோப்பாக அனுப்பி, 'ஹெட்ஃபோனில் கேள்' என்று ஒரு வரி எழுதுங்கள்.