கியர்பாக்ஸிலிருந்து விழுந்த குண்டும் பின்னும் எங்கே போகும்?

பழைய காரின் கியர்பாக்ஸில் ஷிஃப்ட் ராடுகளை (கியர் மாற்றும்போது முன்னும் பின்னும் நகரும் கம்பிகள்) உருவும்போது ஒரு எஃகு குண்டு, ஒரு ஸ்பிரிங், இரு முனையும் உருண்ட ஒரு குட்டிப் பின் விழுந்ததாகவும், எது எங்கே போகும் என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

குண்டும் ஸ்பிரிங்கும் ஜோடி. ராடில் உள்ள பள்ளத்தில் குண்டை ஸ்பிரிங் அழுத்துவதால்தான் போட்ட கியர் நழுவாமல் நிற்கிறது. குண்டில் தட்டையாகத் தேய்ந்த இடம் தெரிந்தால் புதிது போடுங்கள்.

ஸ்பிரிங் இல்லாத அந்தப் பின்தான் முக்கியம். அது இன்டர்லாக், இரண்டு ராடுகளுக்கு நடுவே குறுக்காக உட்காரும். ராடின் பக்கவாட்டில் ஒரு பள்ளம் இருக்கும், நியூட்ரலில் அது பின்னுக்கு நேராக வரும். ஒரு ராடு நகர்ந்தால் அந்தப் பின்னை அடுத்த ராடின் பள்ளத்துக்குள் தள்ளிப் பூட்டிவிடும். இதை விட்டுவிட்டு மூடினால் ஒரே நேரத்தில் இரண்டு கியர் விழலாம். ஓட்டத்தில் அப்படி நேர்ந்தால் சக்கரமே இறுகிவிடும், உயிருக்கே ஆபத்து.

மூன்று ராடு உள்ள பெட்டியென்றால், நடு ராடுக்குள்ளேயே இன்னொரு மெல்லிய பின் இருப்பதுண்டு. அதுவும் விழுந்திருக்கலாம், அடியில் தேங்கிய எண்ணெய்க் கசடைத் துழாவிப் பாருங்கள்.

மாட்டும்போது பின்னில் கிரீஸ் தடவித் துளையில் ஒட்டவையுங்கள். முதல் ராடு சரியாக நியூட்ரலில் இருக்க, அடுத்ததை நுழையுங்கள். போக மறுத்தால் சுத்தியலைத் தொடாதீர்கள். முதல் ராடு மயிரிழை விலகியிருக்கும்.

மூடும் முன் ஒரு ராடைக் கியருக்குத் தள்ளிவிட்டு மற்றதை அசைத்துப் பாருங்கள். அசையவே கூடாது. பிறகு மாற்றியும் செய்து பாருங்கள்.