எந்த இடம் என்று கேட்டால்

அன்புள்ள சார்,

ஏழெட்டு வருடமாக உங்களை வாசிக்கிறேன். கடிதம் எழுதுவது இதுதான் முதல் தடவை.

என் அக்காவுக்கு வயது 54. போன வருடம் ஆடி மாதம் வெளிக்குப் போகும்போது ரத்தம் வர ஆரம்பித்தது. மூலம் என்று நினைத்தோம். களிம்பு, லேகியம், துத்தி இலை, கருணைக்கிழங்கு என்று எட்டு மாதம் போய்விட்டது. உட்காரவே முடியாமல் ஆனபிறகு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். சதை எடுத்துப் பார்த்துவிட்டு ஆசனவாயில் புற்றுநோய் என்றார்கள். ஐந்தரை வாரம் கரண்ட் (கதிர்வீச்சு) வைத்தார்கள், கூடவே கீமோவும். அது முடிந்து பத்து வாரம் ஆகிறது. தடிப்பு இன்னும் கொஞ்சம் இருக்கிறது, பொறுத்துப் பார்க்கலாம் என்கிறார் டாக்டர்.

சொந்தக்காரர்களிடம் கர்ப்பப்பையில் கட்டி என்றுதான் சொல்லியிருக்கிறோம். அக்கா அப்படித்தான் சொல்லச் சொன்னார். அதனால் ஆளாளுக்கு, "பிள்ளை பெற்று முடித்தாயிற்று, கர்ப்பப்பையை எடுத்துப் போடவேண்டியதுதானே, எதற்கு வைத்துக்கொண்டு பார்க்கிறீர்கள்" என்று கேட்கிறார்கள். எங்களுக்கே அந்தப் பயம் வந்துவிட்டது. போதாததற்கு அக்கா மகன் இணையத்தில் இது ஒரு வைரஸால் வருவது என்று படித்துவிட்டான். அதிலிருந்து அவன் தன் அப்பாவோடு பேசுவதில்லை.

பொய் சொல்வது தப்பா? அக்காவுக்கு நான் என்ன செய்ய முடியும்?

செ.

அன்புள்ள செ.,

முதலில் என் கதை ஒன்று. பன்னிரண்டு வருடம் முன்பு எனக்கும் ரத்தம் போனது. டோக்கன் வாங்கிக்கொண்டு ஒரு கிளினிக்கில் உட்கார்ந்திருந்தேன். பெஞ்சில் பதினைந்து பேர். செவிலியர் பெண் தூரத்திலிருந்தே, "சார், உங்களுக்கு என்ன தொந்தரவு?" என்றார். "ஜீரணம் சரியில்லை" என்றேன். சரி, உள்ளே போய் டாக்டரிடமாவது சொல்லியிருக்கலாம். வாயில் வந்துவிட்ட ஜீரணத்தை மாற்ற மனம் வரவில்லை. அவர் வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டு ரோஸ் நிறத்தில் ஒரு டானிக் எழுதிக் கொடுத்தார். அந்தப் பாட்டிலை ஒரு சொட்டு விடாமல் குடித்து முடித்தேன். அடுத்த மாதம் என்னை யாருக்கும் தெரியாத ஊருக்குப் பஸ் ஏறிப் போய் வேறொரு டாக்டரிடம் காட்டினேன். கையுறை மாட்டி விரல் விட்டுப் பார்த்தார். இரண்டு நிமிட வேலை. வெடிப்பு என்றார், மருந்திலேயே ஆறிவிட்டது. உங்கள் அக்காவின் எட்டு மாதத்தைப் படித்தபோது எனக்கு அந்த ரோஸ் பாட்டில்தான் ஞாபகம் வந்தது.

அந்த இடத்துக்குத் தமிழில் பேருக்குப் பஞ்சமில்லை. ஆசனவாய், மலவாய், குதம், எருவாய். ஆனால் இதில் ஒன்றையாவது அம்மா முன்னால் சொல்ல முடியுமா? "கீழே", "பின்னாடி", "உட்காருற இடம்" என்று சுற்றிக்கொண்டே இருப்போம். கடைசியில் எல்லாவற்றையும் மூலம் என்ற ஒரே சொல்லில் போட்டு மூடிவிடுவோம். பஸ் நிலையச் சுவரில் பார்த்திருப்பீர்கள்: "மூலம், பவுத்திரம், வெடிப்பு, ஆபரேஷன் இல்லாமல்." நாலாவதாக ஒன்று உண்டு என்று எந்தச் சுவரும் சொல்வதில்லை. இந்தப் புற்றுநோய் அரிதானது என்பதும் உண்மைதான். ரத்தம் போகிறவர்களில் பெரும்பாலோருக்கு மூலமோ வெடிப்போதான் இருக்கும். மூலம் என்ற ஊகம் அநேகமாகச் சரியாகவே இருந்துவிடுவதால், தப்பாகப் போகிற அந்த ஒரு ஆளை யாரும் திறந்து பார்ப்பதில்லை. இரண்டு வாரம் மருந்து போட்டும் ரத்தமோ வலியோ அரிப்போ நிற்கவில்லை, விரலுக்கு ஒரு தடிப்பு தட்டுப்படுகிறது, தொடை இடுக்கில் நெறி கட்டியிருக்கிறது என்றால் லேகியத்தை ஓரமாக வைத்துவிட்டு டாக்டரிடம் போய் அந்த இடத்தைக் காட்ட வேண்டும். வாசிக்கிற மற்றவர்களுக்காக இதைச் சொல்கிறேன். உங்கள் வீட்டில் அந்தக் கட்டம் தாண்டிவிட்டது. அந்த எட்டு மாதத்தை இனி யாரும் அக்காவிடம் எடுத்துப் பேச வேண்டாம்.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் தங்கை 1923இல் இறந்தது மலக்குடல் புற்றுநோயில். அந்தச் சாவுதான் 1954இல் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனையாக எழுந்தது. அவருடைய தங்கை கதை எல்லோருக்கும் தெரியும். எந்த இடத்துப் புற்றுநோய் என்பதை மட்டும் மேடையில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

பொய்க்கு வருகிறேன். அமெரிக்க நடிகை ஃபேரா ஃபாசெட்டுக்கு உங்கள் அக்காவுக்கு வந்த இதே நோய் 2006இல் கண்டுபிடிக்கப்பட்டது. அவர் சொல்வதற்கு முன்பே செய்தி மஞ்சள் பத்திரிகைகளில் வந்துகொண்டிருந்தது. ஆஸ்பத்திரியிலிருந்துதான் கசிகிறது என்று அவருக்குச் சந்தேகம். 2007 மே மாதம் நோய் திரும்பியபோது, சொந்தபந்தம், சிநேகிதர்கள் யாரிடமும் அதை மூச்சுவிடவில்லை. ஆஸ்பத்திரிக்கு மட்டும்தான் தெரியும். சில நாளில் பத்திரிகையில் வந்துவிட்டது. ஊழியர் ஒருவர் கோப்பைப் பார்த்துக் காசுக்கு விற்றிருக்கிறார், பிறகு நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். நோயாளிகளின் ரகசியத்தைக் காக்கக் கலிஃபோர்னியா தன் சட்டத்தை இறுக்கியதற்கு இதுவும் ஒரு காரணம். இன்னொரு பக்கம் ஃபாசெட் தானே கேமராவைக் கையில் எடுத்துக்கொண்டார். வாந்தி எடுப்பதையும் முடி கொட்டுவதையும் படம்பிடிக்க வைத்தார். 2009 மே மாதம் அந்த ஆவணப்படம் தொலைக்காட்சியில் வந்தது. ஜூன் 25 அன்று இறந்தார். அன்றைக்கே மைக்கேல் ஜாக்சனும் இறந்ததால் தலைப்புச் செய்தியும் கைவிட்டுப் போனது.

இந்த நோயின் பேரை உலகத்துக்குச் சொன்னவர் அவர் என்று இன்று பேசுகிறார்கள். ஆனால் அதே ஆள்தான் அதை மறைப்பதற்காக அவ்வளவு போராடினார். இரண்டுக்கும் அவருக்கு உரிமை இருந்தது என்றே நினைக்கிறேன். விழிப்புணர்வு என்று சொல்லி நோயாளியின் கையில் பதாகையைக் கொடுப்பவர்கள் மேல் எனக்குக் கொஞ்சம் எரிச்சல் உண்டு. உங்கள் அக்கா யாருக்கும் பாடம் நடத்த வேண்டியதில்லை. கர்ப்பப்பை என்று சொல்லச் சொன்னால் அப்படியே சொல்லுங்கள். எந்த இடம் என்று கேட்கிற பெரியம்மாவுக்குக் கூறு போட்டுப் பதில் சொல்லும் கடமை யாருக்கும் இல்லை.

ஒன்றே ஒன்று. உங்கள் பொய்க்குப் பிறந்த ஆலோசனையை உங்கள் வீட்டுக்குள் விடாதீர்கள். "எடுத்துப் போடவேண்டியதுதானே" என்பது இல்லாத கட்டிக்கு வந்த யோசனை. இருக்கிற கட்டியின் கதை வேறு.

அரை நூற்றாண்டுக்கு முன்பு வரை இந்த நோய்க்கு வெட்டி எடுப்பதுதான் வழி. ஆசனவாயையும் மலக்குடலையும் சேர்த்து எடுத்துவிட்டு, வயிற்றில் துளை போட்டு நிரந்தரமாகப் பை மாட்டிவிடுவார்கள். டெட்ராய்ட் நகரத்தில் நார்மன் நைக்ரோ என்ற அறுவை மருத்துவர், வெட்டுவதற்கு முன் கட்டியைச் சுருக்கலாமே என்று மூன்று பேருக்குக் கீமோவும் கதிர்வீச்சும் கொடுத்துப் பார்த்தார். இரண்டு பேருக்கு ஆபரேஷன் செய்து, எடுத்த சதையைச் சோதித்தால் அதில் புற்றுநோயே இல்லை. மூன்றாமவர் ஆபரேஷன் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அவரும் நன்றாகவே இருந்தார். நைக்ரோ இதை எழுதியது 1974இல். கத்தி பிடிக்கிறவரே கத்தி வேண்டாம் என்று கண்டுபிடித்தது எனக்குப் பிடித்த விஷயம். அவர் பயன்படுத்திய ஃபுளூரோயுராசில், மைட்டோமைசின் என்ற அந்த இரண்டு மருந்துகள்தான் இன்றைக்கும் இந்தச் சிகிச்சைக்கு அடிப்படை. அக்காவின் டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்துப் பாருங்கள், அநேகமாக இருக்கும்.

கரண்ட் வைத்து முடித்த அன்றோடு அதன் வேலை முடிந்துவிடுவதில்லை. கட்டி மெதுவாகத்தான் கரையும். பிரிட்டனில் 940 பேரை வைத்து நடத்திய பெரிய ஆய்வின் முடிவு 2013இல் வந்தது. சிகிச்சை தொடங்கி 11வது வாரத்தில் முழுதாகக் கரையாமல் இருந்தவர்களைத் தொடர்ந்து பார்த்ததில், பெரும்பாலோருக்கு 26வது வாரத்தில் மிச்சமில்லாமல் கரைந்திருந்தது. அவசரப்பட்டிருந்தால் அத்தனை பேருக்கும் வீணாகப் பை மாட்டியிருப்பார்கள். உங்கள் டாக்டர் பொறுத்துப் பார்க்கலாம் என்பது கைவிரிப்பதாக உங்களுக்குப் பட்டிருக்கலாம். அவர் கணக்கு இதுவாகத்தான் இருக்கும். அடுத்த தடவை போகும்போது, "எத்தனையாவது வாரம் வரை பொறுக்கலாம்? எது தெரிந்தால் பொறுக்கக் கூடாது?" என்று இரண்டு கேள்வியை மட்டும் எழுதிக்கொண்டு போய்க் கேளுங்கள். தடிப்பு வளர்ந்தால் கதை மாறும். அப்போது ஆபரேஷன் வேண்டியிருக்கலாம், அதற்கும் வழி இருக்கிறது. அதை முடிவு செய்ய வேண்டியவர் அவர். நான் கதை எழுதுகிறவன்.

இனி அக்கா மகன். அவன் படித்தது சரி, புரிந்துகொண்டது தப்பு. இந்தப் புற்றுநோயில் பத்தில் ஒன்பதுக்கு எச்.பி.வி. என்ற வைரஸ்தான் காரணம். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் காரணமான அதே கூட்டம். அந்தத் தொடர்பைக் கண்டுபிடித்ததற்காக ஹரால்ட் சூர் ஹாஸனுக்கு 2008இல் நோபல் பரிசு கொடுத்தார்கள். தாம்பத்தியம் என்று ஒன்று இருக்கிறவர்களில் பெரும்பாலோருக்கு வாழ்நாளில் ஒரு தடவையாவது இந்த வைரஸ் வந்து போகும். முக்கால்வாசிப் பேருக்கு வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. சிலருக்குப் போகாமல் இருபது முப்பது வருடம் சத்தமில்லாமல் தங்கிவிடும். எப்போது வந்தது, யாரிடமிருந்து வந்தது என்று எந்தப் பரிசோதனையும் சொல்லாது. அந்த இடத்தில் வந்திருப்பதால் "இப்படி இருந்திருப்பார்கள்" என்று ஊகிப்பதற்கும் இடமில்லை, தோலோடு தோல் பட்டாலே பரவக்கூடியது. பெண்களுக்குத்தான் ஆண்களைவிட அதிகம் வருகிறது. மார்சியா கிராஸ் என்ற அமெரிக்க நடிகைக்கு 2017இல் இது வந்தது. அவருடைய கணவருக்கு அதற்கு எட்டு வருடம் முன்பே தொண்டைப் புற்றுநோய். இரண்டுக்கும் ஒரே வகை வைரஸ் காரணமாக இருக்கலாம் என்று டாக்டர்கள் நினைக்கிறார்கள். அதை அவரே வெளிப்படையாகப் பேசினார். யாரும் யாரையும் கூண்டில் ஏற்றவில்லை. மகனைத் தனியாகக் கூப்பிட்டு ஒரு டீ வாங்கிக்கொடுத்து இதைச் சொல்லுங்கள். தாய்மாமன் சொன்னால் கேட்பான். முடிந்தால் அதே மூச்சில், இதற்குத் தடுப்பூசி இருக்கிறது, ஆண் பிள்ளைகளும் போட்டுக்கொள்ளலாம் என்பதையும் சொல்லிவையுங்கள். ஆஸ்திரேலியா 2013இலிருந்து பையன்களுக்கும் போடுகிறது. நம் சீரம் இன்ஸ்டிடியூட்டின் செர்வாவாக்கும் இரு பாலருக்கும் ஆனதுதான். கோபத்தைவிட உருப்படியான வேலை.

நீங்கள் என்ன செய்யலாம் என்பது. எனக்குத் தெரிந்த மின்வாரிய நண்பர் ஒருவர் இதே சிகிச்சை எடுத்தார். வெளியில் இடுப்புப் பிடிப்பு என்று சொல்லியிருந்தார். பார்க்க வருகிறவர்களை "உட்காருங்க" என்பார். வந்தவர்களும் மரியாதைக்கு, "நீங்க உட்காருங்க சார், நீங்க நிக்கும்போது நாங்க எப்படி" என்பார்கள். இப்படியே ஐந்து நிமிடம் ஓடும். கடைசியில் எல்லோரும் நின்றுகொண்டே காபி குடித்துவிட்டுப் போவார்கள். நான் போனபோது ஃபிரிட்ஜில் சாய்ந்து நின்று பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அவருக்குத் தேவைப்பட்டது ஆறுதல் பேச்சு கிடையாது. குழந்தை குளிப்பாட்டுகிற பிளாஸ்டிக் டப்பில் வெதுவெதுப்பாகத் தண்ணீர் வைத்துக் கொடுக்க ஒரு ஆள், கரண்ட் வைக்கப் போக, பின்சீட்டில் ஒருக்களித்துப் படுத்துக்கொள்ள ஒரு கார், குழைந்த மோர்ச்சாதம், அவ்வளவுதான்.

உங்கள் அக்கா அந்த வேக்காட்டையெல்லாம் தாண்டியிருப்பார். இப்போது மிஞ்சியிருப்பது, வந்தால் அடக்க முடியாத அவசரமாக இருக்கும். அதனால் வெளியே போகவே பயமாக இருக்கும். கல்யாணத்துக்குக் கூட்டிப்போனால் முன்வரிசையில் உட்கார வைக்காதீர்கள். கழிப்பறை எங்கே என்று நீங்கள் முதலில் போய்ப் பார்த்துவிட்டு, அதற்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியைப் பிடித்து வையுங்கள். பஸ்ஸுக்குப் பதில் ரயில். பையில் ஒரு மாற்றுத்துணி.

இன்னொன்று, தம்பி அக்காவிடம் கேட்க முடியாதது. இந்தச் சிகிச்சையில் பெண்ணுறுப்பின் உட்பாதை உலர்ந்து ஒட்டிப்போய்ச் சுருங்குவது உண்டு. அதற்கென்று விரிப்பான் கொடுத்துப் பழக்குகிறார்கள், ஆனால் அவர்களாகச் சொல்வது குறைவு, நாம் கேட்பது அதைவிடக் குறைவு. தாம்பத்தியத்துக்காக மட்டும் இல்லை, பின்னாளில் டாக்டர் பரிசோதிக்கவும் அது வேண்டும். உங்கள் மனைவி அக்காவோடு துணைக்குப் போகட்டும். இரண்டு பெண்களுமாக டாக்டரிடம் கேட்டுக்கொள்ளட்டும். நீங்கள் வெளியே டோக்கனைப் பிடித்துக்கொண்டு நில்லுங்கள்.

கடிதத்தைப் போடலாமா என்று அக்காவிடம் கேட்டுச் சொல்லச் சொல்லியிருந்தேன். ஊர்ப் பெயரை மட்டும் எடுத்துவிடச் சொன்னதாக எழுதியிருந்தீர்கள், எடுத்துவிட்டேன். 26வது வாரச் சோதனை முடிந்ததும் ஒரு வரி எழுதுங்கள்.

அன்புடன்.