பாப்பா கேட்ட மொட்டை

வணக்கங்க அம்மா. பெருந்துறைப் பக்கம் ஒரு கிராமம். வயசு 33. இடுப்புக்குக் கீழ வரைக்கும் சுருட்டை முடி, அடர்த்தி வேற. செவ்வாய், வெள்ளி ரெண்டு நாளும் நான் தலைக்கு ஊத்தியே ஆகணும்ங்கறாங்க அத்தை. போர் தண்ணி உப்புங்க. அரப்புப் போட்டாலும் சீயக்காய் போட்டாலும் தேங்காய் நார் மாதிரி நிக்குது. ஈரத்தோட கொண்டை போட்டுக்கிட்டு 7.30 பஸ்ஸைப் பிடிச்சு திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போனா மத்தியானமே தலைவலி. இந்தச் சனியன் முடியோட 10 வருசமா மல்லுக்கட்டறேன். வாரம் ஒருக்கா ஊத்தறேன்னா, சுமங்கலி வெள்ளிக்கிழமை தலைக்கு ஊத்தாம இருக்கறதாங்கறாங்க. ஊத்தினாலும் குருவிக்கூடுங்கறாங்க. நாத்தனாருக்கு நேர்முடி, அவளை ஒண்ணும் சொல்றதில்லை. வீட்டுக்காரர் காதுலயே போட்டுக்கறதில்லை. போன மாசம் பழனியில எல்லார் முன்னாடியும் அத்தை என் தலையைப் பத்தியே பேச்சு, அந்நேரம் பார்த்து 7 வயசுப் பொண்ணு எனக்கும் மொட்டை போடுங்கன்னு ஒரே அழுகை, அந்தச் சனியன் அவளுக்கும் அப்படியே வந்திருக்குது, வேண்டுதல் இல்லாம எதுக்குன்னு அதட்டிக் கூட்டிட்டு வந்துட்டோம். திரும்பி வர்றப்ப பஸ்லயும் அத்தை அதே பேச்சு. வாரத்துக்கு எத்தனை தடவைதாங்க ஊத்தறது? எழுதுங்க, அத்தைகிட்டக் காட்டறேன்.

*

அன்புள்ள சகோதரிக்கு,

அத்தையிடம் காட்ட வேண்டியதை முதலில் முடித்துவிடுகிறேன். வாரம் ஒரு முறை போதும். மண்டைத்தோலில் சுரக்கும் எண்ணெய் நேர்முடியில் சுலபமாக இறங்கிவிடும். சுருட்டையில் வளைந்து வளைந்து இறங்குவதால் நுனிக்குப் போய்ச் சேருவதில்லை. அடிக்கடி அலசினால் இருக்கிற பசையும் போய்விடும். ஞாயிற்றுக்கிழமை ஊற்றுங்கள், நிதானமாகக் காயட்டும். கடைசி இரண்டு சொம்பு மட்டும் குடிக்கிற ஆற்றுத் தண்ணீர். வெள்ளிக்கிழமை கழுத்துக்குக் கீழே குளித்துவிட்டு விளக்கேற்றினால் அம்மன் கோபித்துக்கொள்ள மாட்டாள்.

இனி பாப்பா. அவளை ஒரே மூச்சில் சொல்லிவிட்டு நீங்கள் பஸ் ஏறிவிட்டீர்கள். எனக்கு அதற்கு மேல் படிக்க ஓடவில்லை. பாட்டி உங்கள் தலையைப் பேசிக்கொண்டிருந்த அதே நேரத்தில்தான் அவள் மொட்டை கேட்டு அழுதிருக்கிறாள். அடுத்து நம் தலை என்று பயந்திருப்பாளோ?

அத்தை நாலு பேர் முன்னால் அப்படிப் பேசியது தப்புதான், அதில் நான் உங்கள் பக்கம். ஆனால் அவர் சொன்னது குருவிக்கூடு. சனியன் என்றது யார்? கடிதத்தில் இரண்டு இடத்தில் இருக்கிறது. இரண்டாவது, உங்கள் மகளின் தலை. கடிதத்திலேயே இப்படி வருகிறதென்றால், காலையில் சீப்பும் கையுமாக நிற்கும்போது என்னவெல்லாம் வரும்? அம்மாவின் முடி அப்படியே வந்திருக்கிறது என்று கேட்டு வளர்கிற பிள்ளை அவள். அம்மாவுக்கே அது பிடிக்கவில்லை என்றால் அவள் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வாள்? மொட்டைதான் கேட்பாள்.

நாத்தனார் கணக்கையெல்லாம் கொஞ்ச நாள் தள்ளி வையுங்கள். இந்த ஞாயிறு அவளுக்கும் ஊற்றி, ஈரம் இருக்கும்போதே மடியில் உட்கார வைத்து, பெரிய பல் சீப்பால் நுனியிலிருந்து மேலே மேலே சிக்கெடுங்கள். வாயை மட்டும் கட்டிக்கொள்ளுங்கள். பாதி எடுத்ததும், பழனியில் ஏன் சாமி மொட்டை கேட்டே என்று கேளுங்கள். அதட்டாதீர்கள்.

அவள் என்ன சொன்னாள் என்று எனக்கு எழுதுங்கள். அத்தை என்ன சொன்னார் என்பது வேண்டாம்.